தினியன் தீவின் சாலையில்

அன்புள்ள சுந்தரம் அவர்களுக்கு,

உங்கள் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து மகிழ்ந்தேன். இனி வாசிக்கத் தடையில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மகள் இப்போது பசிபிக் பெருங்கடலில் அமெரிக்காவுக்குச் சொந்தமான சைப்பான் தீவில் பணியாற்றுகிறாள். அவளைப் பார்க்க வந்த இடத்தில், அருகிலுள்ள தினியன் தீவுக்கும் சென்று, வாடகைக் காரில் அதைச் சுற்றிப் பார்த்தோம். தீவின் வடிவம் மன்ஹாட்டனை ஒத்திருந்ததால் அமெரிக்கப் படையினர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்குள்ள சாலைகளுக்கு நியூயார்க் தெருக்களின் பெயர்களைச் சூட்டியிருந்தனர். ஆகவே, இருபுறமும் சவுண்டல் மரங்கள் அடர்ந்த, ஆளரவமற்ற ஒரு சாலைக்கு இன்றும் 'பிராட்வே' என்றே பெயர்!

வடமேற்குக் கரையில், அப்போது ஜப்பான் வசமிருந்த தீவைக் கைப்பற்ற 1944 ஜூலை 24 அன்று அமெரிக்கப் படையினர் தரையிறங்கிய இரு கடற்கரைகளையும் சேர்த்தாலும் அகலம் ஏறத்தாழ 200 மீட்டர்தான். அகன்ற மணற்பரப்புள்ள தென்மேற்குக் கரைக்கு வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, இந்தச் சிறு இடைவெளி வழியே பெரும்படையை இறக்கியிருக்கிறார்கள். நேரில் பார்க்கும்வரை அதன் துணிச்சல் எனக்குப் புரியவில்லை.

அங்கிருந்து வடக்கு விமானத்தளம் சிறிது தூரமே. ஒவ்வொன்றும் சுமார் 2.6 கிலோமீட்டர் நீளமுள்ள நான்கு ஓடுபாதைகள். அவற்றில் 'ஏபிள்' எனப்பட்ட பாதையிலிருந்துதான் 1945 ஆகஸ்ட் 6 அதிகாலை 2.45 மணிக்கு எனோலா கே விமானம் அணுகுண்டுடன் ஹிரோஷிமாவை நோக்கிப் புறப்பட்டது. விமானங்களில் அணுகுண்டுகளை ஏற்றப் பயன்பட்ட இரு குழிகளையும் கண்ணாடிக் கூரையிட்டு வைத்திருக்கிறார்கள். விமானத்தின் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டுபோக முடியாத அளவு குண்டு பெரிதாக இருந்ததால், முதலில் அதைக் குழிக்குள் இறக்கி, விமானத்தை மேலே கொண்டுவந்து நிறுத்தி, நீரியல் தூக்கியால் உயர்த்திப் பொருத்தினார்களாம். ஒரு பணிமனையின் சாதாரண ஏற்பாடு போன்ற இந்த எளிமைதான் என்னை வெகுவாகக் கலங்கவைத்தது. பக்கத்தில் சிதைந்து நிற்கும் ஜப்பானியக் கட்டடங்கள்கூட அவ்வளவு பாதிக்கவில்லை.

தெற்கே, ஜப்பான் இத்தீவை இழந்தபோது ஜப்பானியக் குடிமக்கள் பலர் குதித்து உயிர்விட்ட செங்குத்துப் பாறையையும் கண்டோம். தீவிலேயே மிக அழகிய கடற்காட்சி அங்குதான் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அமெரிக்க விமானப்படை அந்தப் பழைய ஓடுபாதைகளை மூடியிருந்த காட்டை அகற்றி, அவற்றைத் திரும்பவும் பயன்படுத்தச் சீரமைத்து வருகிறது. காடு மூடியபடியே விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். என் மருமகன் அதை ஏற்கவில்லை. வரலாறு கற்பித்த நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
இராகவன்