தோழியை இழந்த மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தோழி போன துயரம் அதில் நாலு வரிதான். மற்றதெல்லாம் உன்மேல் நீயே எழுதிய குற்றப்பத்திரிகை. சுயநலக்காரி, கூப்பிட்டால் பேசாதவள், சமயத்துக்கு உதவாதவள். கடைசியில், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் கணக்குப்படி இது இயல்பான துக்கமா, தன்னையே அரிக்கும் நோயான ‘மெலங்கோலியா’வா என்று ஒரு கேள்வி வேறு. இலக்கியம் படிக்கப் போனவள் உன்னையே பாடப்புத்தகம் ஆக்கிக்கொண்டாய், போ!

அவருடைய 1917ஆம் ஆண்டுக் கட்டுரையை நானும் எடுத்துப் பார்த்தேன். துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது, மெலங்கோலியாவில் ‘நான்’ என்பதே வெறுமையாகிறது என்ற வரியைப் பிடித்துக்கொண்டு நீ பயந்திருக்கிறாய். அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொன்றும் சொல்கிறார்: தன்னையே ஏசிக்கொள்பவரின் ஏச்சைப் பொறுமையாகக் கேட்டால், கடுமையான வசைகள் அவருக்குச் சரியாகப் பொருந்துவதில்லை, அவர் நேசித்த இன்னொருவருக்கே பொருந்துகின்றன. அந்தக் கண்ணோடு உன் பட்டியலைப் படி. போன வருடம் போனை எடுக்காமலே இருந்தது நீயா, அவளா? செத்தவளைக் கோபித்துக்கொள்ள மனம் வராமல் அத்தனையையும் உன் தலையில் கொட்டிக்கொள்கிறாய்.

புறநானூறு 245ஆம் பாட்டை எடுத்துக்கொள். மனைவியை இழந்த சேரமான் மாக்கோதை, ‘இன்னும் வாழ்வல்; என்இதன் பண்பே!’ என்கிறான். உயிரைக் கொல்லும் வலிமை இல்லாத நோய் என்ன பெரிய நோய் என்று தன் துயரத்தையே இளக்காரம் செய்கிறான். அதுவும் தன்னை ஏசுவதுதான். ஆனால் கள்ளி முளைத்த களர்நிலம், அடுக்கிய விறகு, நெருப்பே படுக்கையாகக் கிடக்கும் அவள் என்று எல்லாமே அவன் கண்முன் இருக்கின்றன. உன் கடிதத்தில் உன் தோழியைத்தான் காணோம்.

துக்கம் தன் வேலையை முடித்துக்கொண்டு விலகும் என்று எழுதிய ஃப்ராய்ட், 1920இல் மகள் சோஃபியை இன்ஃபுளுவென்சாவுக்குப் பறிகொடுத்தார். 1929இல், மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதும்போது தொனி மாறிவிட்டது: அந்த இடத்தை எது வந்து நிரப்பினாலும் அது வேறொன்றுதான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்றார். கட்டுரையைவிட இந்தக் கடிதத்தைத்தான் நான் நம்புகிறேன். ஆறு மாதமாகியும் ஆறவில்லையே என்று நீ நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம்.

தூக்கமில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார். ஃப்ராய்டைக் காட்டித் தட்டிக்கழிக்காதே.

அடுத்த கடிதத்தில் அவளைப் பற்றி எழுது. உன் புத்தகங்களை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பியே தராததையும் சேர்த்து.

அன்புடன்,
அம்மா