கடைசிப் பத்தியில் வரும் பைத்தியம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஏற்காட்டுக் கொலைக் கதையைப் படித்தேன். அண்ணனை வெட்டிய தம்பி கத்தியைக் கழுவி காபிச் செடிகளுக்கு நடுவே புதைக்கிறான். கடைசி பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்து லாட்ஜில் பொய்ப் பெயர் கொடுத்துத் தங்குகிறான். கடைசிப் பத்தியில் ஒரு டாக்டர் வந்து 'இவருக்கு மனநோய்' என்கிறார். தம்பி விடுதலையாகி அன்று சாயங்காலமே தன்பாட்டுக்கு வீட்டுக்கு நடக்கிறான்.

நான் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் முணுமுணுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனநோயைக் காட்டி விடுதலை கேட்கும் இந்த வாதத்தை நாங்கள் '84' என்போம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. சித்த சுவாதீனம் இல்லாமல், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு என்றோ அந்த நேரத்தில் அறிய முடியாதவர் செய்தது குற்றமாகாது. ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும் போதாது. முன்னால் எப்படி இருந்தார், பின்னால் என்ன செய்தார் என்று தோண்டுவார்கள். தப்பென்று தெரியாதவன் கத்தியை எதற்குப் புதைத்தான் என்று பி.பி. (அரசு வக்கீல்) கேட்டால் உங்கள் கதாசிரியரிடம் பதில் இருக்காது. விடுதலை கிடைத்தாலும், கொலையைச் செய்தது இவர்தான் என்று தீர்ப்பில் எழுதிவிட்டு, பாதுகாப்புக் காவலிலோ பொறுப்பேற்கும் உறவினரிடமோதான் ஒப்படைப்பார்கள்.

கதை தீர்ப்பு நகல் இல்லை, தெரியும். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1843 ஜனவரியில் வெளியிட்ட 'தி டெல்-டேல் ஹார்ட்' கதையில், கிழவரைக் கொன்றவன் எனக்குப் பைத்தியமில்லை என்று எடுத்த எடுப்பிலேயே வாதாடுகிறான். எவ்வளவு பதனமாகச் செய்தேன் பார் என்று பெருமை வேறு. பிணத்தை ஒளித்து வைத்த தரைப் பலகைக்கு மேலேயே நாற்காலி போட்டுப் போலீஸோடு பேசுகிறான். கீழே இதயம் துடிப்பது அவனுக்கு மட்டும் கேட்கிறது, உளறிவிடுகிறான். அது நோயா, மனசாட்சியா? எழுத்தாளர் போ சொல்லவில்லை. அதே மாதம் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர், பிரதமர் பீல் என்று நினைத்து அவருடைய செயலாளரைச் சுட்டார். அந்த வழக்கையொட்டிப் பிறந்த விதிகள்தான் நம் 84-க்கு வேர்.

உங்கள் கதையில் நோய், முடிச்சை அவிழ்க்க வந்த கத்தரிக்கோல், அவ்வளவுதான். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் யாரையும் வெட்டவில்லை. அவர்கள் வீட்டிலும் உங்கள் இதழ் வாங்குகிறார்கள்.

பல வருஷத்துக்கு முன் ஒரு வழக்கு. தாயைக் கொன்ற மகன் ஓடவில்லை, ஒளியவில்லை. "அம்மாவுக்குள்ள இருந்ததத் தொரத்திட்டேன், அம்மா இப்ப வந்துரும்" என்று ஊரைக் கூப்பிட்டுச் சொன்னவர். ஒவ்வொரு வாய்தாவிலும் கோர்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். சிகிச்சைக்காக விசாரணையைத் தள்ளி வைத்தார்கள். மருந்து பிடித்து, மறுபடி வழக்கை எடுத்த அன்று அவர் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. பெயரைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவைதான் எழுந்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்,
அஸ்தம்பட்டி, சேலம்-7