மாளாவில் மூன்று கல்லறை மட்டுமா?

ஆசிரியருக்கு,

கேரளத்தின் பழைய யூத ஜெபாலயங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். மட்டாஞ்சேரி, பரவூர், சேந்தமங்கலம், மாளா என்று படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் மாளாவில் ஜெபாலயத்தைவிடப் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. அந்த ஊர் யூதர்களின் கல்லறைத் தோட்டத்தைச் சொல்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற சர்வேயர். எங்கே போனாலும் கண் முதலில் எல்லைக்கல்லைத்தான் தேடும். திருச்சூர் மாவட்டத்தில் உள்ள இந்தத் தோட்டம் சுமார் 4 ஏக்கர். அதில் கல்லறை என்று கண்ணுக்குத் தெரிவது மூன்றே மூன்று. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் தன் மக்களைப் புதைத்த மண்ணில் மூன்று பேர்தானா இருப்பார்கள்? கல் போய்விட்டது, ஆட்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் 'மூன்று கல்லறைக்கா இவ்வளவு இடம்?' என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

மாளா யூதர்கள் 1955-ல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்போது கேரளம் என்ற மாநிலமே கிடையாது, அது திருவிதாங்கூர்-கொச்சி. போகும்போது ஜெபாலயத்தையும் கல்லறை நிலத்தையும் விற்றுக் காசாக்கவில்லை. காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு பஞ்சாயத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பின்னாளில் அந்த நிலத்தின் ஒரு பகுதி விளையாட்டுக்கென்று போனது. அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்களே என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து இடுகாடுகளில் பழைய குழி இருந்த இடத்தில் மறுபடி தோண்டுவது சகஜம். யூத மதச் சட்டம் அதை ஏற்காது. புதைத்த இடம் என்றென்றைக்கும் இறந்தவருக்கே உரியது. அதனால் மேலே கல் நிற்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அங்கே எதையும் தீர்மானிக்க முடியாது. கல் இடம் மாறும். சேந்தமங்கலத்தையே பாருங்கள்: 1269-ல் இறந்த சாரா என்ற பெண்ணின் எபிரேயக் கல்லறைக்கல் இப்போது ஜெபாலய முற்றத்தில் நிற்கிறது. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டு என்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும்.

மாளாவுக்கு முதலில் தேவை முறையான அளவீடு. நான்கெல்லையையும் அளந்து கல் நட்டு, சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும். உள்ளே எங்கெங்கே குழிகள் இருக்கின்றன என்று அறிய மண்ணைத் தொடவே வேண்டாம். தரைக்குள் ஊடுருவும் ரேடார் கருவி இருக்கிறது. அழகுபடுத்துகிறேன் என்று நடைபாதையும் நீரூற்றும் போடக் கிளம்பிவிடக் கூடாது.

அடுத்த முறை உங்கள் நிருபர் மாளாவுக்குப் போனால் 1955 ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கட்டும். அதில் எழுதிய பரப்பு எவ்வளவு, இன்று வேலிக்குள் இருப்பது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர்,
கோயம்புத்தூர்