நகரி மூக்கில் வழி தவறிய மூவரின் நன்றி மடல்

மலையடிவாரத்து மக்களுக்கு வணக்கம்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று ஆட்டுக்காரப் பெரியவர் சொல்லிவிட்டார், எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாற்பது பைக் வந்து நிற்குமாம். படிக்கிற உங்களுக்கு அது எந்த ஊர் என்று தெரியும், அது போதும்.

போன மாதம் நகரி மூக்கு என்கிற மலை உச்சிக்கு ஏறப் போய், இறங்க வழி தெரியாமல் பாறையில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் நாங்கள்தான். நான், என் மச்சான், அக்கா பையன். நான் நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் பிறந்தவன். ஸ்டேஷனில் நின்றாலே அந்த மூக்கு தெரியும், வேலைக்காகச் சென்னை போன பிறகும் ஊருக்கு வரும்போதெல்லாம் ரயில் ஜன்னலில் முதலில் அதைத்தான் தேடுவேன். ஆனால் முப்பத்தெட்டு வயது வரை ஒரு தடவைகூட ஏறியதில்லை. அம்மா திருத்தணி, அப்பா நகரி. 1960-ல் எல்லை மாற்றியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போய்விட்டது, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. முகம் அந்தப் பக்கம், மூக்கு இந்தப் பக்கம் என்று எங்கள் தாத்தா கேலி செய்வார்.

உயரம் சுமார் 850 மீட்டர்தான். அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையோரம் கப்பலில் போனவர்களுக்கே அடையாளமாக இருந்த மூக்கு, நமக்கு மட்டும் வழி காட்டாதா என்ற தெனாவெட்டு எங்களுக்கு. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கொஞ்சம் பொரி உருண்டை, போனில் யாரோ பதிந்து வைத்த பாதை, வனத்துறையில் வாங்கிய அனுமதித் தாள் (அதைப் பைக்கிலேயே மறந்தது தனிக் கதை), இவ்வளவுதான் ஏற்பாடு. காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பத்து மணிக்கு உச்சி, ஒரு மணிக்குச் சாப்பாடு என்று கணக்கு.

முதல் நன்றி டீக்கடை அக்காவுக்கு. இருட்டில் அடுப்பு மூட்டி டீ கொடுத்தார், சில்லறை இல்லை என்றதும் வந்து கொடுங்க என்றார், அதோடு தன் போன் நம்பரை அக்கா பையன் போனில் போடச் சொன்னார். எதற்குக்கா என்றான் அவன். "எதுக்கோ" என்றார்.

கீழே கருங்கல் உருண்டைகளும் சூரை முள்ளும். அம்பது அடிக்கு ஒரு ஒற்றையடிப் பாதை பிரியும், எல்லாமே நன்றாக நடந்து தேய்ந்த பாதை மாதிரியே இருக்கும். எது அகலமாக இருந்ததோ அதில் போனோம். ஒரு காய்ந்த ஓடையில் இறங்கி, இண்டு முள்ளுக்குள் மாட்டி, சட்டை கிழிந்து, திரும்பி வந்து, மறுபடி வேறு பாதையில் போய் அதே ஓடைக்கே வந்து சேர்ந்ததில் இரண்டு மணி நேரம் போனது. அப்புறம்தான் மூன்று கல்லாக அடுக்கி வைத்த அடையாளங்கள் கண்ணில் பட்டன. அவற்றை அடுக்கிய முகம் தெரியாத கைகளுக்கும் ஒரு நன்றி, பாதி நன்றி. ஏன் பாதி என்று பிறகு சொல்கிறேன்.

மேலே போகப் போகக் கல்லே மாறிவிடுகிறது. அடியில் கருங்கல், அதன்மேல் சுவர் வைத்த மாதிரி குவார்ட்சைட் பாறை. நூறு கோடி வருஷத்துக்கும் மேல் பழையது, ஒரு காலத்தில் வெறும் மணலாக இருந்து இறுகியது. அதில் கால் தடமே விழாது. ஒரு இடுக்கில் கையும் காலும் ஊன்றி ஏறி, பதினொன்றே முக்காலுக்கு மேலே நின்றோம். ரயில் பாதை நூல் மாதிரி, புத்தூர் வீடுகள், தண்ணீர் வற்றிய ஏரிகள், பூண்டிப் பக்கம் மங்கலான புகை. கடல் தெரியவில்லை. பத்து நிமிஷம்தான் இருந்தோம், வெயில் அப்படி.

இறங்கும்போது எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. போனில் இருந்த கோடு நேராக ஒரு பாறை விளிம்புக்குக் கூட்டிப் போனது, அதற்குக் கீழே வெறும் காற்று. திரும்பும் அவசரத்தில் எனக்குக் கால் பிசகியது. தண்ணீர் தீர்ந்தது. மச்சான் பேசுவதை நிறுத்திவிட்டான், அவன் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது. அக்கா பையன் டீக்கடை அக்காவைக் கூப்பிட்டான். எங்க இருக்கீங்க என்றார், பாறைக்கிட்ட என்றான். "மலை பூரா பாறைதான் தம்பி. மரம் என்ன தெரியுது சொல்லு." பாறையில் வெள்ளை வேர் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு மரம் என்றான். "கல்லிச்சி. ஒண்ணா, ரெண்டா?" ரெண்டு. "ரெண்டுன்னா சரி. அதும் நிழல்லயே உக்காருங்க, நகராதீங்க." எங்கள் போனில் இருந்த வரைபடத்தில் அந்த இரண்டு மரமும் கிடையாது.

முக்கால் மணி நேரத்தில் கீழிருந்து ஓய் என்று ஒரு குரல். பெரியவரே, அந்த ஓய்க்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தூக்குவாளியில் தண்ணீரோடு வந்தீர்கள், திட்டவே இல்லை. "தோவ தப்பிட்டீங்க நாயனா" என்று மட்டும் சொன்னீர்கள். தோவ என்றால் வழி, அந்தத் தெலுங்குச் சொல் அன்றைக்கு எனக்கு அவ்வளவு இனித்தது.

இறங்கும் வழியெல்லாம் நீங்கள் காட்டியதை இங்கே எழுதி வைக்கிறேன், பிழை இருந்தால் மன்னியுங்கள். ஆட்டுப் பாதை முழங்கால் உயரத்துக்குத் திறந்திருக்கும், நெஞ்சு உயரத்தில் முள் இரண்டு பக்கமும் கை கோத்திருக்கும். ஆள் பாதையில் நெஞ்சு உயரத்தில் கொத்துக் கத்தி பட்ட பழைய வெட்டு இருக்கும். வெறும் பாறையில் கறுப்புப் படிவு தேய்ந்து லேசாக வெளுத்திருக்கிற இடம்தான் வழி. "ஆடு தழைக்குப் போவுது, ஊருக்குப் போகலை, அதும் பின்னால நீ ஏன் போற?" என்று கேட்டீர்களே, காலையில் இரண்டு மணி நேரம் நாங்கள் செய்தது அதைத்தான். அப்புறம் அந்தக் கல் அடுக்குகள். சிலது விறகுக்குப் போனவர்கள் வைத்தவை, சிலது போட்டோவுக்காக யாரோ அழகுக்கு அடுக்கியவை. அழகாக இருந்ததை எல்லாம் நம்பியிருக்கிறோம். அவற்றைத் தடியால் தட்டிவிட்டபடியே இறங்கினீர்கள்.

தறி ஓடும் அந்த ஓட்டு வீட்டு அம்மாவுக்கும் நன்றி. லுங்கித் துணியைக் கிழித்துக் காலைச் சுற்றி, களியும் நிலக்கடலைச் சட்னியும் வைத்தீர்கள். மூன்று உருண்டை தின்றேன், வெட்கமில்லாமல்.

இருட்டும் நேரத்தில் ரோந்து வந்தவர்கள் எங்களை நிறுத்தினார்கள். கிழிந்த சட்டை, கையில் தடி, தமிழ்ப் பேச்சு, மலையில் செம்மரம், கடத்த வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். டீக்கடை அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து தெலுங்கில் பேசிய வேகத்தில் அவர்களே சிரித்துவிட்டார்கள். பைக்கில் இருந்த தாளையும் காட்டினோம்.

மறுநாள் எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. இருந்தாலும் பக்கத்திலேயே புத்தூர் இருக்கும்போது விடுவார்களா, தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு புத்தூர் கட்டு போர்டு தொங்குகிறது, நாம் அசல் ஊரிலேயே போட்டுக்கொள்வோம் என்று மச்சான் கூட்டிப் போனான். பச்சிலை, மூங்கில் பத்தை, துணி. கட்டியவர் எப்படி ஆச்சு என்றார், மூக்கு ஏறினேன் என்றேன். "எறங்கினியா?" என்றார். அவருக்கும் நன்றி.

பெரியவரே, உங்கள் தடி என்னிடம்தான் இருக்கிறது. ஊன்றிக்கொண்டு பைக் வரைக்கும் வந்தவன் அப்படியே கொண்டுவந்துவிட்டேன், வீட்டில் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. கட்டு அவிழ்த்ததும் எடுத்துவருகிறேன். அக்காவுக்கு மூன்று டீக் காசும் பாக்கி.

இப்படிக்கு,
ரெண்டு கல்லிச்சிக்கு அடியில் உட்கார்ந்திருந்த மூவர்