வக்கீலய்யா வீட்டிலிருந்து

அன்புடையீர்,

தை மாதக் கடைசியில் அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாடகை நாற்காலிகள் திரும்பிப் போய், வீடு வெறிச்சோடிய பிறகுதான் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று நானும் தம்பியும் ஒரு நோட்டில் எழுத உட்கார்ந்தோம். பாதிப் பேரின் பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த பெயர்களைப் போட்டுத் தெரியாதவர்களை விடுவது நியாயமில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் இந்த மடலில் யார் பெயரும் இல்லை. படிக்கும்போது இது நாம்தான் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி, அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போன நான்கைந்து பேருக்கு. அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு முறைக்குக் காத்திருந்தவர்கள், சேதி கேட்டதும் வேன் பிடித்துக் கும்பகோணத்துக்கு வந்துவிட்டார்கள். அன்று ராத்திரி பார்த்துத் தூறல். வந்தவர்களின் நெல்லுக்கும் சேர்த்துப் படுதா போட்டு, விடியவிடியக் காவல் இருந்தவர்களைத்தான் சொல்கிறேன்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு மூச்சுத் திணறல் வந்த இரவில், ஒரு மருத்துவமனை படுக்கை இல்லை என்று கைவிரித்தது. எதிர்வீட்டு அண்ணன் லுங்கியோடு வண்டியை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் வரை வந்தார். பெட்ரோல் காசு கொடுத்தோம், திட்டு வாங்கினோம். வார்டில் இரவுப் பணியில் இருந்த நர்ஸம்மா, அப்பாவுக்குக் காது மந்தம் என்று தெரிந்துகொண்டு ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டினார். எழுத்துப்பிழையை அப்பா திருத்தினார். அதையும் அவர் பொறுத்துக்கொண்டார்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டு, சட்டம் படிக்கச் சென்னைக்குப் போனவர் அப்பா. அப்போது எங்கள் பக்கத்தில் சட்டக் கல்லூரி கிடையாது. 1972-இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு ஊருக்கே திரும்பினார். வந்ததெல்லாம் குத்தகை வழக்குகள். பீஸ், நெல்லாக வந்தது. சில வருஷம் வராமலே போனது. கோர்ட்டில் அவர் பெரிய பேச்சாளர் இல்லை என்பதை மகளான நானே சொல்லலாம். தோற்ற வழக்குகளும் உண்டு. ஆனால் 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அடுத்தவர் நிலத்தில் தன் உடலுழைப்போ தன் குடும்பத்தார் உழைப்போ போட்டுச் சாகுபடி செய்பவர்தான் சாகுபடிதாரர். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, நடப்பிலிருந்து தெரிந்தாலும் போதும் என்கிறது அந்தச் சட்டம். இதை நம்பித்தான் அவர் தொழில் செய்தார். வாய்வார்த்தைக் குத்தகைக்கு ரசீது ஏது? நிலத்துக்காரர் வாரத்தை, அதாவது குத்தகைப் பங்கை, வாங்க மறுத்தால் கோர்ட்டிலேயே கட்டிவிடலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. ஊர்க் கணக்கரான கர்ணம் கையில், யார் எந்த நிலத்தில் பயிர் செய்கிறார் என்று எழுதும் அடங்கல் கணக்கு இருந்த காலம் அது. அதில் குத்தகைக்காரர் பெயர் ஏறியிருக்காது. அப்பா கட்சிக்காரரிடம் கேட்பது ஒன்றுதான்: "போன வருசம் வரப்பு வெட்டினது யாரு? அதைப் பார்த்தது யாரு?"

திருச்சியில் 1979-இல் அரசுச் சட்டக் கல்லூரி வந்தது. வழக்கறிஞர்கள் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்று அதே ஆண்டில் விதியும் வந்தது. சில வருஷம் கழித்து அப்பா அங்கே பகுதி நேரமாகப் போனார். பிறகு முழுநேரம் என்றானதும், வக்கீல் தொழில் செய்யும் உரிமமான சன்னதை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. திருவிடைமருதூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, "நடு ஆத்துல விட்டுட்டு ஓடத்தைத் திருப்புறீங்களே வக்கீலய்யா" என்று அழுதது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக, ஒவ்வொரு கேஸ் கட்டையும் பிரித்துக் காட்டி ஜூனியர்களிடம் ஒப்படைத்தார். கட்டுகளை வாங்கிக்கொண்டு, பழைய கட்சிக்காரர்களிடம் புதுப் பீஸ் கேட்காமல் நடத்திக்கொடுத்த அந்த மூன்று பேருக்கு இத்தனை வருஷம் கழித்து நன்றி சொல்கிறோம். அப்பா சொன்னாரோ என்னவோ. இதெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

விடியற்காலை வண்டியில் அவருக்கு இடம் போட்டு வைத்த சக பயணிகளுக்கும், டிபன் பாக்ஸை மறந்த நாள்களில் தங்கள் தயிர்சாதத்தில் பாதி கொடுத்தவர்களுக்கும் அம்மாவின் தனி நன்றி.

மாணவர்களைப் பற்றி நிறைய எழுதலாம். 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றத்தின் காவிரித் தீர்ப்பு வந்தபோது அப்பா ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. மாலைக்குள் ஏழெட்டுப் பழைய மாணவர்கள் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தமிழ்நாட்டுக்குச் சொன்ன 419 டி.எம்.சி. 404.25 ஆகிவிட்டது என்று ஒருவர் கொதித்தார். அப்பா கோபப்படவில்லை. "குறைச்ச 14.75-ல பத்து எதுக்குன்னு படிச்சியா? நம்ம நிலத்தடி நீரைக் கணக்குல எடுத்திருக்காங்க. உங்க ஊர்க் கிணத்துல எத்தனை அடியில தண்ணி கிடக்குன்னு பார்த்துட்டு வா. அப்புறம் பேசுவோம்." மிச்சம் 4.75, பெங்களூரின் குடிநீருக்கு. மறுவாரம் அவர்கள் கயிற்றில் கல் கட்டி அளந்த கணக்கோடு வந்தார்கள். கடலோர ஊர்க்காரர் ஒருவர், தண்ணீர் இருக்கிறது சார், ஆனால் உப்பு என்றார். அந்தக் கணக்குத் தாளை அப்பா கடைசிவரை டைரிக்குள் வைத்திருந்தார்.

பாடையைத் தோள் மாற்றித் தூக்கியவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். அதில் ஒருவர் இன்று நீதிபதி, செருப்பில்லாமல் நடந்தார். அவருக்குப் பின்னால் நின்றது, முப்பது வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறி இறங்கிய குமாஸ்தா மாமா. கொள்ளி வைக்கும்போது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். எதிர்த்தரப்பில் நின்று அப்பாவோடு மல்லுக்கட்டிய மூத்த வக்கீல் ஒருவர் தள்ளாத வயதில் ஆட்டோவில் வந்து, அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை ஐயா.

வாழையிலை, காய்கறி, தண்ணீர் கேன் என்று கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனவர்கள் கணக்குச் சொல்ல வரவேயில்லை. எத்தனை என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருதரம் வந்து காப்பியாவது குடித்துவிட்டுப் போங்கள்.

இன்னும் ஒரு விஷயம். அப்பாவிடம் இரவல் வாங்கிய சட்டப் புத்தகம் கையில் இருப்பவர்கள் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பென்சில் குறிப்பு எழுதிய அந்த 1955 சட்டப் பிரதியை மட்டும், யாரிடம் இருந்தாலும், ஒரு நாள் கொடுத்தால் நகலெடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். மாடி மரப்பெட்டியில் பழைய குத்தகை ரசீதுகளும் அடங்கல் நகல்களும் சிறுசிறு கட்டுகளாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறார். உங்கள் தாத்தாவுடையதும் அதில் இருக்கலாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் யாராவது ஒருவர் வீட்டில் இருப்போம். வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
மகளும் மகனும், அம்மாவும்
கும்பகோணம்