ஒடிந்த வில்லைக் கொண்டுவந்து காட்டியவர்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊரில் கோடை விடுமுறையில் நடந்த வில் அம்பு செய்முறைப் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. ஒரு பிள்ளைக்குக்கூடக் காயமில்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான். நன்றாக அமைந்த வில்லைக் காட்ட யாரும் வருவார்கள். நீங்களோ மச்சில் போட்டு வைத்திருந்த ஒடிந்த வில்லை எடுத்துவந்து, "இது நான் கெடுத்தது" என்று பிள்ளைகள் முன்னால் சொன்னீர்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் ஆசாரி மாமாவுக்கு. வாலிப வயசில் செய்த தேக்கு வில்லின் இரண்டு துண்டுகளையும் பட்டறைப் பலகையில் வைத்து, "மரத்து ரேகை அழகா இருக்குன்னு எடுத்தேன், பளபளப்பா இருக்கட்டும்னு முன்பக்கத்தை இழைச்சேன், மொத இழுப்புலயே போச்சு" என்றீர்கள். வில்லை வளைக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் இழுபடும், நம்மைப் பார்க்கும் பக்கம் நெருக்கப்படும். இழுபடும் பக்கத்தில் ரேகை குறுக்காக அறுபட்டிருந்தால் சிராய் அங்கேதான் கிளம்பும். இதை நான் படம் போட்டு விளக்கியபோது பிள்ளைகள் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். உங்கள் துண்டுகளைத் தொட்டுப் பார்த்த பிறகு, இழைப்புளியை எடுக்கும் முன் ஒவ்வொருவரும் மரத்தைத் திருப்பி ரேகை ஓடும் திசையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஊரே மதிக்கும் தொழில்காரர் இதைச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

வில்லுப்பாட்டு அண்ணாவி, பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த பனங்கைகளை, அதாவது கூரைக்குப் போட்டிருந்த பனஞ்சட்டங்களை, எங்களுக்குத் தந்தீர்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்த பிறகு, காய்ந்து வைரம் பாய்ந்த அந்தக் கட்டைகள் எங்களுக்குப் புதையல். பனைக்கு வெளிப்பக்கம்தான் பலம், உள்ளே வெறும் சோறு மாதிரி மெத்தென்று இருக்கும். அதைத் திருப்பிச் சீவிய வில், கோயில் கொடைக்கு முந்தின நாள் விரிசல் விட்டதையும், பக்கத்து ஊர்க் குழுவிடம் வில் இரவல் கேட்டு நின்றதையும் நீங்கள் சொன்னபோது பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

கூடை முடையும் அக்கா மூங்கிலுக்கும் அதையே சொன்னார்: தோல் பக்கம் வெளியே இருக்கணும், கணுவை மட்டமாகச் சீவிவிடக் கூடாது.

உடற்பயிற்சி ஆசிரியருக்குத் தனி நன்றி. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டதில் மாணவர்கள் கண்முன்னே தன் வில் தெறித்த கதையை நடித்தே காட்டினார். அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது என்பது அந்த ஒரு கதையில் எல்லாருக்கும் பிடிபட்டது. அப்புறம் ஒரு பிள்ளையும் வெறும் நாணை இழுக்கவில்லை. நாண் ஏற்றிய வில்லை அப்படியே மாட்டி வைத்துவிட்டு மறந்துபோனதால் அது வளைந்தபடியே நின்றுவிட்டதையும் அவர்தான் சொன்னார்.

அம்பு வேலையில் எனக்கே நிறையத் தெரிந்தது. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் கடைந்து செய்யும் அண்ணாச்சி, நீளமான மெல்லிய குச்சியைக் கடைசல் எந்திரத்தில் போட்டால் நடுவில் ஆட்டம் போட்டு ஒடியும் என்று, ஒடிந்த குச்சிகளைக் கட்டாகவே கொண்டுவந்து காட்டினார். பிறகு இரும்புத் தகட்டில் துளை போட்டு, குச்சியை அதன் வழியே தட்டி இறக்கி உருட்டையாக்கக் கற்றுக்கொடுத்தார். நாண் கவ்வும் வெட்டை ரேகையோடு போட்டால் குச்சி பிளக்கும், ரேகைக்குக் குறுக்கே போட்டு நூல் சுற்ற வேண்டும் என்பதும் அவர் சொன்னதே.

வான்கோழி வளர்க்கும் மதினி இடது சிறகு இறகையும் வலது சிறகு இறகையும் தனித்தனி நிற நூலில் கட்டித் தந்தார். இறகின் வளைவு சிறகுக்குச் சிறகு மாறும். ஒரே அம்பில் இரண்டையும் கலந்து ஒட்டினால் அம்பு அலையும். அதை அறியாமல் தன் மகனுக்கு ஒட்டிக்கொடுத்த அம்புகளையும் கூடவே அனுப்பியிருந்தார், ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று. அந்த அன்பை எப்படிச் சொல்ல!

மிச்சமுள்ள பனங்கைகளைக் கரையான் ஏறாத இடத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம். பொங்கல் விடுமுறையில் அடுத்த பயிற்சி. எல்லாரும் கட்டாயம் வரணும். அம்பாசமுத்திரம் அண்ணாச்சி, உங்கள் துளைத் தகடு எங்களிடம்தான் இருக்கிறது, பிள்ளைகள் இன்னும் விட்டபாடில்லை. ஆடி முடிவதற்குள் நானே கொண்டுவந்து தருகிறேன்.