வரப்பில் இடம் கொடுத்தவர்களுக்கு

என் ஓவியக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. சுவரில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்தக் குறை உறுத்துவதால் இந்த மடல்.

முதல் நன்றி வயல்காரப் பெரியவருக்கு. அவருடைய வரப்பில்தான் இத்தனை வருடமாக ஸ்டாண்டை ஊன்றி வரைகிறேன். ஒருநாள் காலையில் தொடங்கி உச்சிவெயில் வரை உட்கார்ந்து முடித்த படத்தை எட்டிப் பார்த்தார். "மரத்து நிழல் மேற்கே நீளமா கிடக்கு. வைக்கோல் போரு நிழல் காலடியிலயே சுருண்டு கிடக்கு. உன் படத்துல ரெண்டு சூரியனா தம்பி?" என்றார். வாயடைத்துப் போனேன். அன்றிலிருந்து வெளியில் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரைவதில்லை. மிச்சம் இருந்தால் மறுநாள் அதே நேரத்துக்குப் போவேன். வகுப்பிலும் இதைச் சொல்லித்தான் தந்தார்கள். மண்டையில் ஏறியது வரப்பில்.

அப்புறம் ஆடு மேய்க்கும் அக்கா. ஆங்கிலேய இயற்கைக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களையே திரும்பத் திரும்ப வரைந்தார். பல படங்களின் பின்பக்கம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் எழுதிவைத்தார். நானும் அப்படி எழுதுகிறேன். எழுதுவது மட்டும்தான் நான். காற்று எந்தப் பக்கம் என்று சொல்வது அக்கா.

படங்களுக்குச் சட்டம் போடும் அண்ணனுக்கு நன்றி சொன்னால் திட்டுவார், பரவாயில்லை. ஆரம்பத்தில் வேறோர் இடத்தில், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஓரம் சுற்றி வைக்கும் மவுன்ட் அட்டையை வைக்காமல் கண்ணாடியைத் தாளோடு ஒட்டிப் பொருத்திவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு நீர்வண்ணப் படங்கள் பூஞ்சணம் பிடித்து நாசமாயின. அண்ணன் அமிலமில்லாத அட்டையை இடையில் வைக்காமல் எந்தப் படத்தையும் மூடமாட்டார். என் பழைய அந்திவானம் ஒன்றைப் பிரித்துக் காட்டியதும் அவர்தான். மவுன்டுக்கு அடியில் மறைந்திருந்த விரற்கடை அளவு ஓரம் நல்ல சிவப்பு. வெளிச்சம் பட்ட மிச்ச வானம் முழுக்க வெளிறிக் கிடந்தது. அலிசரின் கிரிம்சன் என்ற அந்தச் சிவப்பு வண்ணத்தை அன்றோடு தூக்கிப்போட்டேன். அந்தப் படத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவருக்கும் நன்றி, கூடவே மன்னிப்பும்.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன்.

இரண்டு சூரியன் படத்தைக் கண்காட்சியில் ஏன் வைக்கவில்லை என்று சிலர் கேட்டார்கள். அது பெரியவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்களை நிற்கவைத்து, "தப்பு எங்கேன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்கிறாராம்.